ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு?

2025 ஜனவரி 6. மார்கழி முடியப்போகும் நேரம். குற்றாலத்தில் சாரல் சீசன் இல்லை. ஆனாலும் சபரிமலைக்குப் போகிறவர்களும் திரும்புகிறவர்களுமாகப் பேரருவிக் கரை நிரம்பியிருக்கும் காலம் அது. அன்றுதான் பெங்களூருவில் இரண்டு குழந்தைகளுக்கு எச்.எம்.பி.வி. தொற்று இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அறிவித்தது. ஒன்று 3 மாதப் பெண் குழந்தை, மற்றது 8 மாத ஆண் குழந்தை. இரண்டுமே வெளிநாடு போய் வந்தவை அல்ல. அடுத்த நாளுக்குள் சென்னையில் ஒருவர், சேலத்தில் ஒருவர் என்று தமிழகக் கணக்கும் வந்தது. சீனாவில் ஆஸ்பத்திரிகள் நிரம்பி வழிவதாகக் காணொளிகள் ஏற்கெனவே வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருந்தன. கொரோனாக் காலத்துப் பயம் எல்லார் வயிற்றிலும் மறுபடி புரண்டது.

இரவு ஒன்பது மணிக்குத் தென்காசியிலிருந்து என் தங்கை மகள் போன் செய்தாள். அவளுக்கு ஏழு மாதப் பிள்ளை.

"மாமா, பிள்ளைக்கு மூணு நாளா சளி. நெஞ்சு கர்ருன்னு இழுக்கு. இது அந்தப் புது வைரஸா இருக்குமோ?"

"தெரியலம்மா. நேரம் ஆக்காம ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ" என்றுதான் என்னால் சொல்ல முடிந்தது. அதன்பிறகு பல மாதங்கள் இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன், தெரிந்த குழந்தை மருத்துவர்களிடம் கேட்டேன். அவள் கேட்டதற்கு இப்போது பதில் சொல்ல முயல்கிறேன்.

தொலைக்காட்சி புதிது என்று சொன்ன அந்த வைரஸுக்குப் பேர் வைத்தே அப்போது 24 வருஷம் ஆகியிருந்தது. நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் பெர்னடெட் வான் டென் ஹூகன், ஆல்பர்ட் ஆஸ்டர்ஹாஸ், ரான் ஃபூஷியே முதலானோர் 2001இல் அதை அறிவித்தார்கள். மூச்சு நோயோடு வந்த குழந்தைகளின் மூக்குச்சளியை அவர்கள் ஆய்வகத்தில் 20 ஆண்டுகளாகச் சேர்த்து வைத்திருந்தார்கள். அதில் 28 குழந்தைகளின் மாதிரிகளில் எந்தச் சோதனைக்கும் பிடிபடாத ஏதோ ஒன்று இருந்தது. வழக்கமாக வைரஸ் வளர்க்கும் செல்களில் அது சரியாக வளரவில்லை. குரங்கின் சிறுநீரகச் செல்களில், அதுவும் மிக மெதுவாக, தலைகாட்டியது. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் ஆர்.எஸ்.வி. என்ற பழைய மூச்சு வைரஸின் குடும்பத்துச் சாயல். மரபணுவைத் துண்டு துண்டாகப் பெருக்கி வாசித்தபோது, வான்கோழிகளுக்கு மூச்சு நோய் தரும் ஒரு வைரஸின் நெருங்கிய சொந்தம் என்று தெரிந்தது. மனித மெட்டாநிமோவைரஸ், ஆங்கிலச் சுருக்கத்தில் எச்.எம்.பி.வி., என்று பேர் வைத்தார்கள்.

அவர்கள் அதோடு நிற்கவில்லை. 1958இல் எடுத்து உறையவைத்திருந்த பழைய இரத்த மாதிரிகளை வெளியே எடுத்து, இந்த வைரஸுக்கு எதிரான ஆன்டிபாடி அதில் இருக்கிறதா என்று பார்த்தார்கள். சோதித்த அத்தனையிலும் இருந்தது. இன்றைய குழந்தைகளிடம் பார்த்தால், 5 வயது ஆவதற்குள் ஏறக்குறைய எல்லாருக்கும் ஒரு முறையாவது வந்துபோயிருந்தது. ஆக, கண்டுபிடிக்கப்பட்ட நாளில் அந்த வைரஸ் மனிதர்களிடையே குறைந்தது 43 ஆண்டுகளாகச் சுற்றிக்கொண்டிருந்த பழைய ஆள். நம் ஆச்சிமார் "கபம் கட்டிக்கிடக்கு" என்று மடியில் போட்டுத் தட்டிக்கொடுத்த எத்தனையோ பிள்ளைகளுக்குள் இது இருந்திருக்கத்தான் வேண்டும். இந்தியாவுக்கும் இது புதிதில்லை. புனேவில் மூச்சுத் தொற்றோடு வந்த குழந்தைகளிடம் இதைக் கண்டதாகத் தேசிய வைரலாஜி நிறுவனத்தார் 2004இலேயே எழுதிவிட்டார்கள். இந்தியாவின் முதல் எச்.எம்.பி.வி. நோயாளிகள் என்று 2025இல் சில ஊடகங்கள் போட்ட தலைப்பு 21 வருஷம் பிந்தியது. அந்தத் தலைப்பால் எத்தனை தாய்மார் அன்றிரவு தூங்காமல் இருந்திருப்பார்கள் என்று நினைத்தால் இப்போதும் எனக்கு மனம் ஆறவில்லை.

2001க்குப் பிறகு கதவு திறந்தது போல ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 2003இல் சார்ஸ் உலகத்தை உலுக்கியதும் கொரோனா வைரஸ் குடும்பத்தை எல்லாரும் தேடத் தொடங்கினார்கள். சின்னக் காற்றுக்குழாய்கள் வீங்கும் பிராங்கியோலைட்டிஸ் வந்த ஏழு மாதக் குழந்தை ஒன்றின் மாதிரியிலிருந்து ஆம்ஸ்டர்டாமில் லியா வான் டெர் ஹூக் குழுவினர் 2004இல் என்.எல்.63 என்ற கொரோனா வைரஸை எடுத்தார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு ராத்திரியில் நாய் குரைப்பது போல வரும் குரூப் இருமலோடு அதற்குத் தொடர்பு உண்டு என்பது அடுத்த ஆண்டு தெரிந்தது. 2005இல் ஹாங்காங்கிலிருந்து எச்.கே.யு.1 வந்தது. அதே ஆண்டு ஸ்டாக்ஹோமில் டோபியாஸ் அலாண்டர் 540 குழந்தைகளின் மாதிரிகளைச் சலித்து 17 பேரிடம் போகாவைரஸைக் கண்டார். மாட்டினுடையதும் நாயினுடையதுமான இரண்டு வைரஸ்களின் ஆங்கிலப் பேர்களிலிருந்து ஈரெழுத்து ஈரெழுத்தாக எடுத்துக் கோத்த பேர் அது. அதற்கடுத்த இரண்டு ஆண்டுகளில் ரைனோவைரஸில் சி என்றொரு புதுக்கிளை, கே.ஐ., டபிள்யு.யு. என்று இரண்டு பாலியோமா வைரஸ்கள். மலேசியாவின் சரவாக்கில் நிமோனியாவோடு சேர்ந்த ஒரு குழந்தையிடம் நாய்க் கொரோனா வைரஸின் சாயலுள்ள ஒன்று இருந்ததை 2021இல் அறிவித்தார்கள்.

இவற்றில் பெரும்பாலானவை அந்தந்த ஆண்டில் பிறந்தவை அல்ல. முன்பு செல்லில் வளர்ந்தால்தான் வைரஸ் என்று கணக்கு. ரைனோவைரஸ் சி வழக்கமான செல்களில் வளரவே வளராது, அதனால் கண்ணுக்குத் தெரியாமலே இருந்தது. மரபணுவை நேரடியாகப் பெருக்கிப் படிக்கும் முறை வந்ததும் இருட்டறையில் விளக்குப் போட்டதுபோல எல்லாம் தெரிந்தன.

விளக்குப் போட்டதில் ஒரு சங்கடமும் வந்தது. இருமலே இல்லாத, ஓடி விளையாடும் பிள்ளையின் மூக்கிலும் இந்த வைரஸ்கள் இருந்தன. போகாவைரஸ் ஒரு தடவை வந்தால் மாதக்கணக்கில் மூக்கில் தங்கிவிடும், அதுவும் பெரும்பாலும் வேறு வைரஸ்களோடு சேர்ந்துதான் அகப்படும். ஐந்தருவியில் சீசன் கூட்டத்தில் ஒருவர் பர்ஸ் தொலைந்துபோனால் பக்கத்தில் நின்றவரையெல்லாம் பிடித்துக்கொள்ள முடியுமா? அந்த இடத்தில் அவர் நின்றார் என்பது மட்டும்தான் தெரியும். நிமோனியா வந்த குழந்தையின் மூக்கில் மூன்று வைரஸ் இருக்கிறது என்று சோதனை சொன்னாலும், நெஞ்சில் இறங்கி வேலை செய்தது எது என்று சொல்லிவிடாது.

இந்தச் சிக்கலை நேராக எதிர்கொண்டது பெர்ச் என்ற பெரிய ஆய்வு. வங்கதேசம், தாய்லாந்து, கென்யா, தென்னாப்பிரிக்கா உட்பட 7 நாடுகளில், நிமோனியாவோடு சேர்ந்த 4,000க்கும் மேற்பட்ட குழந்தைகளையும் அதே ஊர்களின் 5,000க்கும் மேற்பட்ட நோயில்லாத குழந்தைகளையும் ஒப்பிட்டார்கள். இந்தியா அதில் இல்லை. 2019இல் வந்த முடிவு இது: எக்ஸ்ரேயில் உறுதியான, எச்.ஐ.வி. இல்லாத குழந்தைகளின் நிமோனியாவில் 61 சதவீதத்துக்கு வைரஸ்களும் 27 சதவீதத்துக்கு பாக்டீரியாக்களும் காரணம். ஆர்.எஸ்.வி. மட்டும் தனியாக 31 சதவீதம். எச்.எம்.பி.வி., ரைனோ, பாரா இன்ஃப்ளூயன்சா எல்லாம் அதற்கு வெகு பின்னால்தான் நிற்கின்றன.

புது வைரஸ் எது என்று தேடிப் போனவனை இந்த ஆய்வு பழைய வைரஸிடம் கொண்டுவந்து நிறுத்தியது. ஆர்.எஸ்.வி. 1956இல் அமெரிக்க ஆய்வுக்கூடத்தில் சளி பிடித்த சிம்பன்சிகளிடம் முதலில் பிடிபட்டது. அடுத்த ஆண்டே ராபர்ட் சானாக் அதைக் குழந்தைகளிடம் கண்டார். 2019 என்ற ஒரே ஆண்டில் 5 வயதுக்கு உட்பட்ட சுமார் 1 லட்சம் குழந்தைகள் உலகில் அதனால் இறந்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள். அதில் ஏறத்தாழப் பாதி, பிறந்து 6 மாதம் ஆகாதவை. இறந்தவர்களில் 97 சதவீதத்துக்கு மேல் நம்மைப் போன்ற நடுத்தர, ஏழை நாடுகளைச் சேர்ந்தவர்கள். இந்த வைரஸைப் பற்றி ஜனவரி 2025இல் ஒரு தலைப்புச் செய்திகூட என் கண்ணில் படவில்லை.

அதற்கு ஊசி கண்டுபிடிக்க வெகுகாலம் ஆனதற்குப் பின்னால் ஒரு துயரம் இருக்கிறது. 1966இல் அமெரிக்காவில் ஃபார்மலினால் செயலிழக்கச் செய்த ஆர்.எஸ்.வி. ஊசியைக் குழந்தைகளுக்குப் போட்டுப் பார்த்தார்கள். அடுத்து உண்மையான வைரஸ் வந்தபோது, ஊசி போட்டுக்கொண்டு தொற்றுக்கு ஆளான குழந்தைகளில் 80 சதவீதம் ஆஸ்பத்திரியில் சேர்ந்தன, போடாதவர்களில் 5 சதவீதம்தான். இரண்டு குழந்தைகள் இறந்தன. அதன்பிறகு பல பத்தாண்டுகள் இந்தத் துறையில் யாரும் துணிந்து கால் வைக்கவில்லை. வைரஸ் செல்லோடு ஒட்டுவதற்கு முன் அதன் மேற்புரதம் எந்த வடிவத்தில் இருக்கிறது என்று 2013இல் படம் பிடித்துக் காட்டிய பிறகே பாதை திறந்தது.

ஏழு மாதப் பிள்ளைக்கு மட்டும் ஏன் இந்தச் சளி இவ்வளவு பாடு படுத்துகிறது? பெரியவர்களுக்கு மூக்கொழுகலோடு போகும் வைரஸ்தானே? காரணம் குழாயின் அளவு. நுரையீரலின் நுனிக்குப் போகும் காற்றுக்குழாய்கள் பச்சைப்பிள்ளைக்கு மிக மெல்லியவை. அதன் உள்சுவர் வீங்கிச் சளியும் சேர்ந்து குழாயின் அகலம் பாதியானால், காற்று போவதற்கான தடை இரண்டு மடங்கு ஆவதில்லை, பதினாறு மடங்கு ஆகிறது. கூடவே இந்த வயதுப் பிள்ளை பெரும்பாலும் மூக்கால்தான் மூச்சு விடும். மூக்கு அடைத்தால் பால் உறிஞ்ச முடியாது. பாலை உறிஞ்சுவதா மூச்சு விடுவதா என்று பிள்ளை திணறும். கர்ருன்னு இழுக்கு என்று அவள் போனில் சொன்ன சத்தம், இறுகிய சின்னக் குழாய்களின் வழியாகக் காற்று பிதுங்கி வரும் சத்தம். இதைத்தான் பிராங்கியோலைட்டிஸ் என்கிறார்கள். இதற்கு ஆன்டிபயாட்டிக் பயன்படாது. ஆக்சிஜன் கொடுப்பது, மூக்கைச் சுத்தம் செய்வது, பால் இறங்கப் பார்த்துக்கொள்வது, கூடவே இருந்து கவனிப்பது, இவைதான் வைத்தியம். கொண்டுவந்தது ஆர்.எஸ்.வி.யா, எச்.எம்.பி.வி.யா, ரைனோவா என்பதால் அந்த இரவின் சிகிச்சை மாறப்போவதில்லை.

எனவே அந்த இரவில் தாய் கேட்க வேண்டிய கேள்வி வேறு. அதற்கு விடை தேடியவர்கள் நமக்கு வெகு தொலைவில் இல்லை, வேலூரில் இருந்தார்கள்.

எக்ஸ்ரே இல்லை, ஆய்வகம் இல்லை, டாக்டர் வாரத்துக்கு ஒருமுறை வந்தால் அதிகம். அப்படிப்பட்ட ஊரில் வெறும் சளிக்கும் நிமோனியாவுக்கும் வித்தியாசத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? பப்புவா நியூ கினியின் மலையூரான கொரோகாவில் வேலை பார்த்த ஃபிராங்க் ஷான், மூச்சை எண்ணினால் போதும் என்று 1984இல் எழுதினார். அது மற்ற இடங்களுக்கும் பொருந்துமா என்று சோதித்தவர்கள் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியின் தாமஸ் செரியன், டி. ஜேக்கப் ஜான், எரிக் சிமோயிஸ், மார்க் ஸ்டைன்ஹாஃப், மேரி ஜான் ஆகியோர். 1988இல் லான்செட் இதழில் வந்தது அவர்கள் கட்டுரை. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு நிமிடத்துக்கு 50க்கு மேலும், அதற்கு மேற்பட்ட சின்னப் பிள்ளைக்கு 40க்கு மேலும் மூச்சு ஓடினால் நோய் நெஞ்சுக்குள் இறங்கியிருக்கிறது என்று கொள்ளலாம் என்பதே அதன் சாரம். ஸ்டெதாஸ்கோப் இல்லாத கிராமத்திலும் ஒரு கடிகாரத்தை வைத்து எண்ணுவது உதவும் என்று அவர்கள் காட்டினார்கள்.

உலகச் சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் கணக்கு இன்றும் ஏறக்குறைய அதுதான். 2 மாதத்துக்குக் குறைந்த பிள்ளைக்கு 60, 2 மாதம் முதல் ஒரு வயதுவரை 50, ஒன்றிலிருந்து ஐந்து வயதுவரை 40. அந்த எண்ணையோ அதற்கு மேலோ தொட்டால் வேக மூச்சு. எண்ணுவதற்கும் முறை உண்டு. பிள்ளை அழக்கூடாது, பால் குடித்துக்கொண்டிருக்கக்கூடாது. சட்டையை மேலே தூக்கிவிட்டு, வயிறும் நெஞ்சும் ஏறி இறங்குவதை முழுதாக ஒரு நிமிடம் பார்க்க வேண்டும். கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்கக்கூடாது, ஏனென்றால் பிள்ளைகளின் மூச்சு ஒரே சீராக ஓடாது. விலாவின் கீழ்ப்பகுதி மூச்சிழுக்கும்போது குழி விழுந்தால் கவனம் இன்னும் கூட வேண்டும். பால் குடிக்க முடியாமல் போவது, உதடு நீலம் பாய்வது, வலிப்பு, எழுப்பினாலும் எழாமல் துவண்டு கிடப்பது, இதில் ஒன்று இருந்தாலும் எண்ணிக்கொண்டு உட்காராமல் 108ஐக் கூப்பிட வேண்டும்.

அந்த ஐவரில் எரிக் சிமோயிஸின் வேலை அதோடு முடியவில்லை. கர்ப்பிணித் தாய்க்கு ஆர்.எஸ்.வி. ஊசி போட்டால் ஆன்டிபாடி வயிற்றுப் பிள்ளைக்குப் போய்ச் சேரும் என்ற ஆய்வு 2022இல் வந்தபோது முதல் பேராக நின்றது அவருடையதுதான். வேலூரில் பிள்ளைகளின் நெஞ்சைப் பார்த்து எண்ணிய ஒருவர் முப்பது வருஷம் கழித்து அந்த நெஞ்சைக் காக்கும் ஊசியில் கை வைத்தார். இதை நம் பள்ளிப் பாடப் புத்தகத்தில் போட வேண்டும் என்று எனக்கு ஆசை.

இன்று அந்தத் தாய் ஊசியும் இருக்கிறது, பிறந்த குழந்தைக்கே ஒரு தடவை போட்டால் ஐந்து மாதம் காக்கும் நிர்செவிமாப் என்ற ஆன்டிபாடி ஊசியும் இருக்கிறது. இரண்டையும் உலகச் சுகாதார நிறுவனம் 2025 மே மாதம் பரிந்துரைத்தது. இந்த இடத்தில்தான் வைரஸின் பேர் மறுபடி முக்கியமாகிறது. தனியொரு பிள்ளையின் இரவுக்குப் பேர் தேவையில்லை. ஒரு மாவட்டத்தின் ஆண்டுக்குத் தேவை. எந்த வைரஸ் எந்த மாதத்தில் எழுகிறது என்று தெரிந்தால்தான் ஐந்து மாதக் காவலை எப்போது நிறுத்துவது என்று தீர்மானிக்க முடியும்.

தென்காசிக்கு இது மற்ற ஊர்களைவிடப் பெரிய கேள்வி. தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்கு மழை என்றால் ஐப்பசி, கார்த்திகை. தென்காசிக்கோ ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று சாரலைக் கொண்டுவந்து வீசுகிறது, பிறகு வடகிழக்குப் பருவமழையும் வருகிறது. ஒரே ஊருக்கு ஆண்டில் இரண்டு ஈரக்காலம். இன்ஃப்ளூயன்சாவைப் பற்றி இந்தியா முழுதும் பார்த்த ஆய்வில், பல நகரங்களில் அது ஜூலை முதல் செப்டம்பர் வரையிலும், சென்னை, வேலூரில் அக்டோபர் மழையை ஒட்டியும், ஸ்ரீநகரில் கடுங்குளிரிலும் உச்சம் தொட்டது. தமிழ்நாடு முழுதுக்கும் ஒரே நாட்காட்டி என்று சென்னையில் உட்கார்ந்து எழுதினால் மலையடிவாரத்துக்கு அது பொருந்துமா? ஜூனில் பிறந்த பிள்ளைக்குப் போட்ட காவல் நவம்பரில் தீர்ந்துவிடும், ஐப்பசி மழை அப்போது நடுவில் நிற்கும். தென்காசி அரசு தலைமை மருத்துவமனைக்கு மூச்சுத் திணறி வரும் பிள்ளைகளில் வாரம் சில பேரிடம் மூக்குச்சளி மாதிரி எடுத்து, இரண்டு மழைக்காலத்தையும் தொடர்ந்து இரண்டு மூன்று ஆண்டு பார்த்தால் இந்த ஊருக்கென்று ஒரு நாட்காட்டி கிடைக்கும். கிண்டி கிங் நிலையம் போல 1899 முதல் இயங்கும் நிறுவனம் நம் மாநிலத்தில் இருக்கும்போது இது கைக்கெட்டாத வேலை அல்ல.

சாரலில் நனைந்தால் சளி பிடிக்கும் என்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். மழைத்தண்ணீரில் வைரஸ் இல்லை. ஈரக்காலத்தில் ஜன்னலை அடைத்து, எல்லாரும் ஒரே அறையில் நெருங்கிக் கிடக்கிறோம், அண்ணன் அக்காமார் பள்ளிக்கூடத்திலிருந்து மூக்கொழுக வந்து தம்பியை முத்தமிடுகிறார்கள். சீசனில் பத்து ஊர் ஜனம் ஒரு கரையில் கூடுகிறது. வைரஸுக்கு வேண்டியது இந்த நெருக்கம். கைப்பிள்ளையை அருவிக்கரைக் கூட்டத்துக்குள் தூக்கிப்போகும் இளம் பெற்றோரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பதறும். ஓராண்டு பொறுத்தால் அடுத்த சாரலுக்கு அந்தப் பிள்ளை கூட ஓடிவரும். கேரளத்தில் பறவைக் காய்ச்சல் என்றால் புளியரைச் சோதனைச் சாவடியில் லாரிகளுக்கு மருந்து தெளிக்கிறார்கள். தேவையானதுதான். ஆனால் பிள்ளைகளின் மூச்சு வைரஸ்களுக்குச் சாவடி கிடையாது. நாம் கை கழுவுவதும், சளி பிடித்தவர் தள்ளி நிற்பதும்தான் சாவடி.

வீட்டுக்குள் நடப்பதையும் பேசாமல் இருக்க முடியவில்லை. பிள்ளையைக் குளிப்பாட்டியதும் சாம்பிராணிப் புகை காட்டுகிறோம். தலை காய வேண்டும் என்ற அக்கறைதான் அது. வீங்கிய காற்றுக்குழாய்க்கு அந்தப் புகை இன்னொரு அடி. எண்ணெய்க் குளியலில் மூக்கில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு ஊதும் பழக்கம் இன்னும் முழுதாகப் போகவில்லை. அந்த எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி ஒருவகை நிமோனியாவையே உண்டாக்கும் என்று தென்னிந்தியக் குழந்தைகளைப் பார்த்தே 1973இல் எழுதியிருக்கிறார்கள். கேஸ் அடுப்பு வந்த வீடுகளிலும் வெந்நீருக்கு ஓலையும் மட்டையும் எரிகின்றன. ஆலங்குளம், பாவூர்சத்திரம், கடையம் பக்கம் சுளவை மடியில் வைத்துப் பீடி சுற்றும் பெண்களின் பக்கத்திலேயே பிள்ளை தூங்குகிறது. அவர்களிடம் வேலையை விடு என்று நான் சொல்லமாட்டேன், அந்தக் கூலியில்தான் அந்தப் பிள்ளைக்குப் பால் பாக்கெட் வருகிறது. தொட்டிலை மட்டும் தூள் பறக்காத அறைக்கு மாற்ற முடிந்தால் மாற்றுங்கள், பிள்ளை இருக்கும் வீட்டுக்குள் ஆண்கள் புகைக்காதீர்கள் என்று மட்டும் கெஞ்சிக் கேட்பேன்.

அடுத்தது இருமல் சிரப். 2025 செப்டம்பர், அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பக்கம் 20க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தன. அவை குடித்த சிரப் நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. சோதித்துப் பார்த்த தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, அதில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நஞ்சு 48.6 சதவீதம் இருப்பதைக் கண்டது. 1972இல் சென்னையிலேயே இதே நஞ்சு கலந்த மருந்தால் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். 53 ஆண்டு இடைவெளியில் அதே சாவு. அந்தக் குழந்தைகளுக்கு வந்திருந்தது என்ன? சளியும் இருமலும் காய்ச்சலும். தானாக வடிந்திருக்கக்கூடிய நோய்கள். சளி சிரப்பாக விற்கும் ஒரு கலவை மருந்தை 4 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கொடுக்கக்கூடாது என்று லேபிளில் அச்சிடும்படி மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023லேயே சொல்லியிருந்தது. சின்னப் பிள்ளையின் வைரஸ் சளியை எந்தச் சிரப்பும் குறைப்பதில்லை. மருந்துக்கடையில் "பிள்ளைக்கு இருமலுக்கு ஒண்ணு குடுங்க அண்ணாச்சி" என்று கேட்பதை நாம் நிறுத்த வேண்டும். அண்ணாச்சியும் எடுத்துக் கொடுப்பதை நிறுத்த வேண்டும்.

நிமோனியாவுக்கு எதிராக நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் ஊசிகளை இந்தப் பேச்சில் மறந்துவிடுகிறோம். ஹிப் கிருமிக்கு எதிரான பாகம் அடங்கிய ஐந்து நோய் ஊசியை இந்தியாவில் முதலில் தொடங்கியவை தமிழ்நாடும் கேரளமும்தான், 2011 டிசம்பரில். நிமோகாக்கஸ் ஊசி 2021இல் நம் அரசுத் திட்டத்தில் சேர்ந்தது. அது பாக்டீரியாவுக்கான ஊசிதானே, வைரஸுக்கு என்ன செய்யும் என்று நானும் நினைத்தேன். தென்னாப்பிரிக்காவில் ஷபீர் மாதி 2004இல் வெளியிட்ட ஆய்வில், அந்த ஊசி போட்ட குழந்தைகளிடம் வைரஸோடு சேர்ந்த நிமோனியாவுக்காக ஆஸ்பத்திரியில் சேர்வதும் 31 சதவீதம் குறைந்தது. வைரஸ் வந்து சுவரைக் கீறிவிட்டுப் போக, அந்தக் கீறலின் வழியே பாக்டீரியா உள்ளே நுழைகிறது. பின்னால் வருபவனைத் தடுத்தால் முன்னால் வந்தவன் செய்யும் கேடும் குறைகிறது. எச்.எம்.பி.வி.க்கென்று தனி ஊசியோ மருந்தோ இன்னும் வரவில்லை. அதைப் பற்றிப் பயந்தவர்கள் முதலில் பிள்ளையின் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பார்த்தால் நல்லது.

புதிதாக வரும் வைரஸைக் கண்டு பயப்படவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2023 ஜனவரி முதல் மார்ச் வரை கொல்கத்தாவில் அடினோவைரஸ் குழந்தைகள் வார்டுகளை நிரப்பியது. பழைய வைரஸ்தான், இரண்டு வகைகள் கலந்து உருவான புதுக்கலவை அப்போது அதிகம் தென்பட்டது. கொரோனாக் காலத்தில் வீட்டுக்குள் இருந்த பிள்ளைகளுக்கு இவற்றோடு பழக்கம் குறைந்து போயிருந்ததும் ஒரு காரணம் என்று நினைக்கிறார்கள். அந்த நாட்களில் படுக்கையும் ஆக்சிஜனும் போதாமல் அலைந்தார்கள். தென்காசி 2019 நவம்பரில்தான் தனி மாவட்டமானது. தீவிர சிகிச்சை வேண்டும் என்றால் இன்னும் பலர் 50 கிலோமீட்டருக்கு மேல் பயணப்பட்டுத் திருநெல்வேலிக்குத்தான் போகிறார்கள். ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் பச்சைப்பிள்ளையின் விரலுக்குப் பொருந்தும் ஆக்சிஜன் அளவுக் கருவி, மழைக்காலம் தொடங்கும் முன் நிரப்பிய சிலிண்டர், மூச்சு எண்ணத் தெரிந்த செவிலியர், இந்த மூன்றும் இருந்தால் எந்தப் பேரில் எந்த வைரஸ் வந்தாலும் அந்த 50 கிலோமீட்டரைப் பிள்ளை தாண்டிவிடும். மத்திய அரசு 2019 நவம்பரில் தொடங்கிய சான்ஸ் என்ற நிமோனியாத் திட்டமும் இதைத்தான் சொல்கிறது.

என் தங்கை மகளின் பிள்ளையை அன்றிரவே கொண்டுபோனார்கள். டாக்டரம்மா வைரஸ் சோதனை எதுவும் எடுக்கவில்லை. பிள்ளையை அவள் மடியிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லி, சட்டையைத் தூக்கி, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எண்ணியிருக்கிறார். 46. விலா குழி விழவில்லை, பாலும் குடிக்கிறது. மூக்கில் உப்புநீர்ச் சொட்டு விட்டு, தாய்ப்பாலை அடிக்கடி கொடுக்கச் சொல்லி, 50ஐத் தொட்டால் எந்த நேரமானாலும் வந்துவிட வேண்டும் என்று அனுப்பிவிட்டார். வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் மூன்று மணிக்கொரு தரம் எண்ணி, பீரோக் கதவில் தொங்கிய தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வைத்தாள். 48, 46, 47, 44. நான்காம் நாள் நான் போனபோது அந்தத் தாளைக் காட்டினாள். கடைசியாக எழுதியிருந்தது 36.

"இப்பவும் எந்த வைரஸுன்னு தெரியாது மாமா" என்றாள், பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போனபடி.